பன்னெண்டும் தெரிஞ்சவன்

கம்பிக் கதவுப் பூட்டத் தெறக்க வேணாம் தாயி. நீ உள்ளயே நில்லு. நான் இப்படிப் படியில உக்காந்துக்கிறேன், வெயில்ல வந்தது கால் கடுக்குது. உங்க மாடியில குடியிருக்கிற மங்களேஸ்வரியோட அப்பன் நான். பேரு காசிலிங்கம், மதுரையில இருந்து வர்றேன். அப்பா வந்திருக்காருன்னு மேல போயி ஒரு வார்த்தை சொன்னியன்னா போதும்.

சொல்ல மாட்டியா? சரி. யார் வந்தாலும் விடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காளாக்கும். எம் பொஞ்சாதி தனபாக்கியமும் மேலதான் இருக்கா, எனக்குத் தெரியும். இல்லைன்னு தலைய ஆட்டாத. கேஸ் கனெக்சன திண்டுக்கல்லுக்கு மாத்தின மகராசி, போன் நம்பர மாத்த மறந்துட்டா. சிலிண்டர் டெலிவரி ஆயிருச்சுன்னு எம் போனுக்கு மெசேஜ் வருது, ஏஜென்சி பேரோட. நேரா அங்க போயி நின்னேன். வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல, அட்ரஸ் எழுதின சீட்டத் தொலைச்சுட்டேன்னு சொன்னேன். சிலிண்டர் போடுற ஆளே தெருமுனை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. நல்ல மனுசன்.

நீ பாக்கிற பார்வையிலயே தெரியுது, என்னப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்காளுகன்னு. கொலைகாரன்னு சொல்லியிருப்பா. செத்தா போனான் அவன்? உசுரோடதான் இருக்கான். தலையக் கொஞ்சம் சாச்சுக்கிட்டு நடக்கிறான், அம்புட்டுத்தான். நான் முழுசாச் சொல்றேன், கேளு. கேட்டுட்டு நியாயம் எங்கிட்டன்னா நீ கதவத் தெற. இல்லைன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். நானும் பொண்ணப் பெத்தவன்தான்.

எனக்கு வேலை மெடிக்கல் காலேஜ்ல. பிணம் அறுத்துப் படிப்பாங்கல்ல, அந்த ஹால்ல அட்டெண்டர். இருபத்தேழு வருசம். இப்ப சஸ்பெண்டு. பாடிய எடுத்து மேசையில போடுறது, மருந்துத் தொட்டியில முக்குறது, முடிஞ்சதும் எலும்பு எடுக்கிறது எல்லாம் நான்தான். மூக்கச் சுளிக்காத. உனக்கு நாளைக்கு ஒண்ணுன்னா பாக்கப் போற டாக்டரு எங்கிட்ட வந்து நின்னவனாத்தான் இருப்பான். மொத நாள் மயங்கி விழுறது பூரா ஆம்பளப் பயலுகதான். பொம்பளப் புள்ளைக பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னுரும்.

மண்டையத் தெறக்கிறது இருக்கே, அது லேசுப்பட்ட காரியம் இல்ல தாயி. புருவத்துக்கு மேல ஒரு விரக்கடை விட்டு, சுத்தி நூல் கட்டி, கோடு போட்டு ரம்ப வாள் போடணும். முழுசா அறுத்துறக் கூடாது. முக்காவாசி அறுத்துட்டு, உளிய உள்ள கொடுத்து மரச்சுத்தியலால ஒரே தட்டு. மண்டை மூடி கழலுற சத்தத்த வச்சே உள்ள மூளை கிழிஞ்சிருக்கா இல்லையான்னு சொல்லிருவேன். பெறகு விரல முன்னால விட்டுத் தூக்கினா, அடியில நரம்பு ஜோடி ஜோடியா எலும்பு ஓட்டைக்குள்ள போறது தெரியும். பன்னெண்டு ஜோடி. மொதலாவது வாசனை, ரெண்டாவது பார்வை. மூணு, நாலு, ஆறு மூணும் கண்ணு முழியத் திருப்புறதுக்கு. அஞ்சு இருந்தாத்தான் மூஞ்சியில கொசு உக்காந்தாத் தெரியும், சோத்த மெல்ல முடியும். இதுகளப் பிய்யாம ஒவ்வொண்ணா கத்தரிச்சு மூளைய வெளிய எடுக்கணும்.

அந்த நாலாவது இருக்கு பாரு, தையல் நூல் கனம்தான். புதுசா அறுக்கிறவன் பூராப் பேரும் அத அத்துருவாய்ங்க. அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. நான் ஒரு தடவ கூட அத்ததில்ல. எங்க டிபார்ட்மெண்டுக்கு வசுமதி மேடம்தான் ஹெட்டு. பிள்ளைககிட்டச் சொல்லுவாங்க, நாலாவது நரம்பு பாக்கணும்னா காசி எடுத்த மூளையப் பாருங்கன்னு. நான் படிச்சது எட்டாப்பு. ஆனா ஒரே பாடத்த இருபத்தேழு வருசம் மேசைக்குப் பின்னால நின்னு கேட்டா மாட்டுக்குக் கூட மனப்பாடம் ஆயிரும்.

எம் மக மங்கைக்கு மாப்பிள்ளை பாத்தது நான்தான். பேரு ஜெகதீசன், சொந்தமா வெல்டிங் பட்டறை. விசாரிச்சப்ப நாலு பேரு சொன்னாய்ங்க, பையன் கொஞ்சம் கோவக்காரன்னு. ஆம்பளைன்னா கோவம் இருக்கத்தான் செய்யும்னு சொல்லிக் கட்டி வச்சேன். தனபாக்கியம்தான் முனகிக்கிட்டே இருந்தா. அவளுக்கு இடது காது மந்தம் தாயி, கலியாணம் ஆன புதுசுல இருந்தே. நம்ம சொல்றது பாதிதான் போயிச் சேரும், அதனால எல்லாத்துக்கும் ஒரு முனகல். அவகிட்டச் சத்தம் போட்டுத்தான் பேசணும். அக்கம்பக்கத்துல இருக்கிறவய்ங்க நான் எப்பவும் சண்டை போடுறதா நினைச்சுக்கிருவாய்ங்க.

போன புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கெழம. மங்கை மட்டும் தனியா வந்தா. துப்பட்டாவ வாயோட சேத்துப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. டீ கொடுத்தா அவ ஆத்தா. ஒரு வாய் குடிச்சா, இடது பக்கம் கடவாயில வழிஞ்சு சுடிதார்ல விழுந்துச்சு. விழுந்தது அவளுக்கே தெரியல. எந்திரிச்சுப் போயி தாடையப் பிடிச்சுத் திருப்பினேன். இடது பக்கம் மூஞ்சி அப்படியே தொங்கிக் கிடக்கு. கண்ணு மூடல, தண்ணியா ஒழுகுது.

"என்ன ஆத்தா இது?"ன்னு கேட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்ப்பா"ங்கிறா.

முடிய ஒதுக்கிக் காதுக்குப் பின்னால பாத்தேன். கன்னிப் போயி நீலமா இருக்கு, நாலஞ்சு நாள் ஆன காயம். எங்கிட்டயே பொய். அவள உக்கார வச்சு விளக்கமாச் சொன்னேன். வழுக்கி விழுந்தா முட்டி பேந்துரும், கை உடையும், நெத்தியில அடிபடும். காதுக்குப் பின்னால அடிபடாது. இடது பக்கம் காதுகிட்ட அடி விழுந்திருக்குன்னா, எதுக்க ஒருத்தன் நின்னு வலது கைய வீசியிருக்கான்னு அர்த்தம். இதுல வேற கதையே கிடையாது. அப்படின்னேன். மங்கை அவ ஆத்தாளத் திரும்பிப் பாத்தா. தனபாக்கியம் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தவ தலைய நிமித்தவே இல்ல. நான் என்ன தாயி தப்பாச் சொல்லிட்டேன்? பாடத்துல உள்ளதத்தான் சொன்னேன்.

அன்னைக்கு எம் மகளுக்கு ஒண்ணு விடாமப் பாத்தேன். கண்ண மூடச் சொல்லி மூக்குகிட்டக் காப்பித்தூளக் காட்டினேன், காப்பின்னு சொல்லிட்டா. பேனாவ அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினேன், முழி ரெண்டும் ஒழுங்கா வந்துச்சு. பஞ்சத் திரிச்சுக் கன்னத்துல வச்சேன், தெரியுதுப்பான்னா. நாக்க நீட்டச் சொன்னேன், தோளத் தூக்கச் சொன்னேன், எல்லாம் சரியா இருக்கு. பல்லக் காட்டு ஆத்தான்னேன். வலது பக்கம் மட்டும் சிரிச்சுச்சு. இடது பக்கம் அப்படியே கிடக்கு. ஏழாவது நரம்பு. சிரிக்கிறது, முறைக்கிறது, கண்ண மூடுறது பூரா அதுதான் பாக்குது. அவ மூஞ்சிய அம்புட்டுப் பக்கத்துல வச்சு நான் பாத்ததே இல்ல தாயி. அழுதுட்டேன். எம் மகள அடிச்சிருக்கான், எம் மகளோட மூஞ்சிய அடிச்சு நிறுத்திப்புட்டானே.

அதுல இன்னொரு விசயம் இருக்கு. ஏழாவதும் எட்டாவதும் ஒரே ஓட்டைக்குள்ளதான் போகும். எட்டாவதுதான் காது கேக்குறதுக்கு. ஒண்ணுல அடிபட்டா இன்னொண்ணுலயும் பட்டிருக்கலாம். அதனால மறுநாள் காலேஜ்ல இருந்து கவை ஒண்ணு கொண்டாந்தேன். இரும்புல கவட்டை மாதிரி இருக்கும், தட்டினா ரீங்காரம் வரும். மங்கைக்கு வச்சுப் பாத்தேன், நல்லாக் கேக்குதுன்னா. போன உசுரு வந்துச்சு எனக்கு. கவைய உறையில போடப் போறேன், அப்பச் சொல்றா, "அம்மாவுக்கும் வச்சுப் பாருங்கப்பா"ன்னு.

அவளுக்கு எதுக்கு இப்பன்னேன். "பாருங்களேன்"ங்கிறா. தனபாக்கியம் வேணாம் வேணாம்னு அடுப்படிக்குள்ள போறா, இவ கையப் பிடிச்சு இழுத்தாந்து உக்கார வச்சுட்டா. சரின்னு கவையத் தட்டி இடது காதுக்கு நேரா பிடிச்சேன். ஒண்ணுமே கேக்கலைன்னா. காதுக்குப் பின்னால எலும்புல ஊண்டினேன், கேக்குதுன்னா. எனக்கு அன்னைக்கு ஒரு சந்தோசம் தாயி! பாத்தியா, நரம்புல ஒரு குறையும் இல்ல, சவ்வுதான் கிழிஞ்சிருக்குன்னேன்.

மங்கை விடல. "சவ்வு எப்படிப்பா கிழியும்?"னு கேட்டா.

எதுக்கு வேணாலும் கிழியும்னேன். சளி பிடிச்சாக் கிழியும், குளத்துல குதிச்சாக் கிழியும், வேட்டுச் சத்தத்துக்குக் கூடக் கிழியும்.

"கன்னத்துல அறைஞ்சா?"

கலியாணம் ஆன வருசம் சோத்துல முடி கிடந்துச்சுன்னு ஒரு தடவ அறைஞ்சேன், அத இவ ஆத்தா சொல்லிக் கொடுத்திருக்கா போல. ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. யாரு வீட்டுல இல்ல? அதுக்கும் காதுக்கும் முடிச்சுப் போடுறாளேன்னு எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. கவையத் தரையில வீசிட்டேன். ரொம்ப நேரம் ரீங்காரம் போட்டுக்கிட்டே கிடந்துச்சு அது. கோவத்துலயும் நான் ஞாயமாத்தான் பேசினேன்: நரம்பு நல்லா இருக்குன்னு நானே சோதிச்சுச் சொல்லிட்டேன்ல, பெறகென்ன? தனபாக்கியம் எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டா.

பெறகுதான் மங்கை வாயத் தெறந்தா. ஜெகதீசன் ஹெல்மெட்டக் கழட்டி அதாலயே அடிச்சிருக்கான். எதுக்கு? குழம்பச் சூடு பண்ணி வைக்கலையாம். கேளு தாயி, குழம்பு சூடா இல்லைங்கிறதுக்கு ஒரு மனுசன் பொண்டாட்டி மேல கை நீட்டுவானா? மிருகம். அடிச்ச நாலாம் நாள்தான் உள்ள வீக்கம் கண்டு மூஞ்சி கோணியிருக்கு. நான் அப்பவே கிளம்புறேன்னு செருப்ப மாட்டினேன். மங்கை குறுக்க வந்து நின்னா.

"நீங்க போகாதீங்கப்பா. நான் மகளிர் ஸ்டேசன்ல எழுதிக் கொடுத்துட்டேன். டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, வக்கீலம்மாவும் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. பூசை லீவு முடிஞ்சதும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவரு உள்ள போகணும். அதுவரைக்கும் யாரும் எதுவும் செய்யக் கூடாது."

அப்படிச் சொல்லி என் கையப் பிடிச்சுக்கிட்டா. சரி ஆத்தான்னு சொன்னேன். சொன்னது நெசம்தான். நான் ஒம்பது நாள் பொறுத்தேன் தாயி. ஒம்பது நாளும் அவ கண்ண விரலால மூடி பிளாஸ்திரி ஒட்டிட்டுத் தூங்கப் போறா. அதப் பாத்துக்கிட்டு எந்தப் பெத்தவன் பொறுப்பான்?

ஆயுத பூசை வந்துச்சு. எங்க ஹால்லயும் பூசை உண்டு. வாள், உளி, கத்தி, கத்தரி, மரச்சுத்தியல் எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, கலர் காகிதம் விரிச்சு அடுக்கியிருந்தேன். பிணத்து மேல பட்ட சாமானுக்கு என்ன பூசைன்னு புதுசா வர்ற டாக்டருக சிரிப்பாக. நமக்குச் சோறு போடுற ஆயுதம் இல்லையா? வசுமதி மேடம் சூடம் காட்டினாங்க. எல்லாரும் பொரி கடலை தின்னுக்கிட்டு நிக்காக. பூசையில வச்ச ஆயுதத்த அன்னைக்கு எடுக்கக் கூடாது, மறுநாள்தான் எடுத்துத் தொழில் செய்யணும். உங்க வீட்டுலயும் அப்படித்தான? எனக்கும் தெரியும். தெரிஞ்சும், பூசை கலையும் முன்னாடியே அந்த மரச்சுத்தியல எடுத்து பைக்குள்ள போட்டுக்கிட்டேன். நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான் தாயி. இன்னைக்கும் நினைச்சா மனசு அடிச்சுக்குது.

பட்டறைக்குப் போனேன். வாசல்ல வாழக்கன்று கட்டி, வெல்டிங் சிலிண்டருக்கெல்லாம் மாலை போட்டு, தரையில பூசணிக்கா உடைச்சுச் செவப்பாக் கிடக்கு. ஜெகதீசன் புதுச் சட்டையில நிக்கிறான், நெத்தியில சந்தனம். என்னப் பாத்ததும், "வாங்க மாமா, பொரி எடுத்துக்கங்க"ன்னு தட்ட நீட்டுறான். கேஸ் கொடுத்திருக்கிறதே இல்லாத மாதிரி. நானும் இடது கையில ஒரு கை அள்ளினேன். ஒரு வாய் போட்டுத் தின்னேன். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே மென்னேன். ரெண்டு பக்கமும் நல்லாச் சிரிக்குது அந்த மூஞ்சி.

எங்க அடிக்கணும்னு எனக்குத் தெரியும். நெத்திப்பொட்டுல அடிச்சா அங்கயே முடிஞ்சிரும், அங்க எலும்பு தகரம் கனம், உள்ளாற ரத்தக்குழாய் ஓடுது. என் நோக்கம் அது இல்ல. காதுக்குப் பின்னால, கொஞ்சம் கீழ. அவளுக்கு எங்க விழுந்துச்சோ அங்க. ஏழுக்கு ஏழு. பையில கையவிட்டு எடுத்து ஒரே வீசு. டக்குனு சத்தம் கேட்டுச்சு, நான் கேட்டுப் பழகின சத்தம். பொரித்தட்டு பறந்து போச்சு. அவன் முட்டி போட்டு உக்காந்துட்டான்.

அதோட நான் வந்திருப்பேன் தாயி, சத்தியமாச் சொல்றேன். பைய மடிச்சுக்கிட்டுத் திரும்பக் கூடத் திரும்பிட்டேன். அவன்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. காதப் பொத்திக்கிட்டு, ரத்தம் விரலுக்கு இடையில வழியுது, அந்த நிலைமையிலயும் சொல்றான்: "நீங்க அத்தைய அடிச்சதவிடவா நான் அடிச்சுட்டேன்?"

என்ன வாய்க்கொழுப்பு பாரு. அதுக்கப்பறம் நடந்தது எனக்குச் சரியா நெனப்பு இல்ல. புருவத்துல ஒண்ணு விழுந்துச்சு, அது தெரியும். கை குறுக்க வந்துச்சு, கையில விழுந்துச்சு. மல்லாக்கச் சாஞ்சவன் கடசல் மிசின் காலுல பின்மண்டைய இடிச்சான். வேலைக்காரப் பயலுக நாலு பேரு என்னப் பின்னாடி பிடிச்சு இழுக்காய்ங்க, நான் இழுபட்டுக்கிட்டே காலால மிதிக்கிறேன். பூசணிக்காச் செவப்பும் ரத்தமும் ஒண்ணாக் கிடக்கு, எதுல வழுக்குறோம்னே தெரியல. சுத்தியல் கைப்பிடி உடைஞ்சு போச்சு. இருபத்தேழு வருசமா உடையாதது.

பெறகு ஆஸ்பத்திரியில பாத்ததுல ஏழாவது நரம்பு அவனுக்குத் தப்பிச்சுக்கிருச்சு. மூஞ்சி ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்காம். போனது நாலாவது. புருவத்து அடியில போயிருச்சு. இப்ப எதப் பாத்தாலும் மேலயும் கீழயுமா ரெண்டு ரெண்டாத் தெரியுதாம், படி எறங்க முடியல, தலையச் சாச்சாத்தான் ஒண்ணாத் தெரியுதாம். பின்மண்டையில இடிச்சதுல வாசனையும் போச்சு. மருமகன்கிற வருத்தம் இல்ல எனக்கு. ஆனா ஒரு நாலாவது நரம்பக் கூட அத்துறாதவன்னு பேரெடுத்தவன் நான். செத்தவன் மண்டையில அம்புட்டுப் பதனமா எடுத்தவன், உசுரோட இருக்கிறவன் மண்டையில அத்துட்டேனேன்னு ஜெயில்ல படுத்துக்கிட்டு யோசிப்பேன்.

ஜெயில்லதான் இருந்தேன், நாப்பத்தோரு நாள். மங்கை ஒரே ஒரு தடவ மனுப் போட்டுப் பாக்க வந்தா. மூஞ்சி அப்பவும் கோணலாத்தான் இருந்துச்சு. பழம் கிழம் வாங்கிட்டு வந்திருப்பான்னு பாத்தா வெறுங்கையோட வந்திருக்கா. அவளோட கேஸு போச்சாம். ஸ்டேசன்ல இப்ப அவனத்தான் பாவம்கிறாகளாம், ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கிட்டுச் சமாதானமாப் போங்கன்னு சொல்றாகளாம். "அவரு உள்ள இருக்க வேண்டிய எடத்துல நீங்க இருக்கீங்க. என் கைய விட்டு எல்லாம் போச்சு"ன்னு சொன்னா.

உனக்காகத்தான ஆத்தா அடிச்சேன்னேன்.

"எனக்காக ஒரு அடி அடிச்சீங்க. மிச்சம் எல்லாம் உங்களுக்காக"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சா. அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்னா. எங்க கூட்டிட்டுப் போற, கோயிலுக்கான்னு கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் திரும்பி நடந்து போயிட்டா.

ஜாமீன்ல வந்து பாக்கிறேன், வீடு பூட்டிக் கிடக்கு. சாவிய எதுத்த வீட்டுல கொடுத்திருக்கா. என் துணிய எல்லாம் துவைச்சு மடிச்சு வச்சுட்டு, அவ சேலையில ஒண்ணு கூட இல்லாம எடுத்துட்டுப் போயிட்டா தனபாக்கியம். முப்பது வருசம் குடும்பம் நடத்தினவ ஒரு சீட்டுக் கூட எழுதி வைக்கல. எதுத்த வீட்டம்மா சாவிய நீட்டும்போது உள்ள தள்ளி நின்னு கைய மட்டும் நீட்டுது. எல்லாருக்கும் என்ன வந்துருச்சு? பொண்ண அடிச்சவன் ஊருக்குள்ள திரியுறான், தட்டிக் கேட்டவன் தனியாச் சோறு பொங்கித் திங்கிறேன். இது என்ன ஞாயம், நீ சொல்லு தாயி.

இப்ப மாசி. அஞ்சு மாசம் ஆச்சு. மங்கை மூஞ்சி தேறியிருக்கணும். நாள் கழிச்சுக் கோணுற மூஞ்சி தேறிரும்னு வசுமதி மேடம் பாடத்துல சொல்லுவாங்க. அதத்தான் பாக்கணும் எனக்கு, வேற ஒண்ணும் வேணாம். கண்ண மூடச் சொல்லணும், பல்லக் காட்டச் சொல்லணும். அம்புட்டுத்தான். பாத்துட்டு தனபாக்கியத்தக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். ஏழு மணி பஸ்ஸுக்கு.

யாருக்குத் தாயி போன் போடுற? மனுசன் பேசிக்கிட்டு இருக்கேன், நீ பாட்டுக்குப் போனக் குடைஞ்சுக்கிட்டு இருக்க. உன் வீட்டுக்காரருக்கா? அவரு எதுக்கு இப்ப? வை. வைன்னு சொல்றேன்ல. ஏய், வைடி கீழ!

பயந்துட்டியா? சும்மா கம்பிய ஒரு தட்டுத் தட்டினேன். கை வலிக்கிறது எனக்குத்தான். கோவத்துல ஒரு வார்த்தை தடிச்சு வந்துருச்சு, மனசுல வச்சுக்காத. பின்னால பின்னால போகாத தாயி. உன்னையவா நான் அடிக்கப் போறேன்? உனக்கும் எனக்கும் என்ன? இந்தா, ரெண்டு கையையும் எடுத்துட்டேன், பாரு.

அங்க யாரு, மாடிப்படியில? மங்கை! ஆத்தா! வந்துட்டா பாரு, அப்பன் சத்தம் கேட்டதும் வந்துட்டா. நான்தான் சொன்னேன்ல. அங்கயே நில்லு ஆத்தா, வெளிச்சத்துக்கு வா, மூஞ்சியக் காட்டு. பாரு தாயி, அவ நெத்தியப் பாரு, ரெண்டு பக்கமும் சுருங்குது! கடவாய் நேரா நிக்குது! கண்ணு மூடித் தெறக்குது பாரு! ஏழாவது வந்துருச்சு, முழுசா வந்துருச்சு. என் சாமி. எனக்கு அழுகையா வருது.

ஆனா இது என்னது? கண்ணுமணி ரெண்டும் இப்படி விரிஞ்சு கிடக்கு? இந்த வெளிச்சத்துக்குச் சுருங்கணுமே. மூணாவதுல ஏதும் ஆயிருச்சா? உதடு நடுங்குது. என்னமோ சொல்ல வாய எடுக்கிறா, சத்தம் வரல. தொண்டைக்குப் போறது பத்தாவது. தோள் ரெண்டும் காதுவரைக்கும் ஏறி நிக்குது, எறங்கவே மாட்டேங்குது. பின்னால வர்றது யாரு, தனபாக்கியமா? அவளும் அப்படியே நிக்கிறா. மகளுக்கு முன்னால வந்து கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறா, கை நடுங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படித் தாயி நரம்பு கெடும்? இந்த ஊர்த் தண்ணியில ஏதும் கோளாறா? உன் கண்ணும் அப்படித்தான இருக்கு!

என்ன சொன்ன? பயமா?

யாரப் பாத்து? என்னப் பாத்தா? எம் மகளா? வெவரம் தெரியாமப் பேசாத தாயி. பன்னெண்டையும் கையில எடுத்துப் பாத்தவன் நான். அதுல பயத்துக்குன்னு ஒண்ணு கிடையாது. இது வேற என்னமோ, உடனே பாக்கணும், விட்டா முத்திப் போயிரும். நகரு. கதவ விட்டு நகருன்னு சொல்றேன்ல.